பத்திரத்தின் பின்பக்கம்

அத்தியாயம் 9

காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். அடுப்பில் தண்ணீர் வைத்தேன். பல் துலக்கினேன். தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு மூடினேன். அயன் பெட்டியைச் சூடாக்கி மாமாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்தேன். பிறகு காற்சட்டை. மடிப்பு கத்தி மாதிரி நிற்கவேண்டும் என்பார். நின்றது. கறுப்புச் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டேன். மழை இல்லை. ரப்பர் மலையிலிருந்து பால் வெட்டப் போகிறவர்களின் பேச்சு கேட்டது.

மற்ற நாட்களிலும் இதே வேலைதான். காற்சட்டைக்குப் பதில் காக்கி.

மாமா குளித்துவிட்டு வந்து சட்டையைப் பார்த்தார். காலரில் கஞ்சி ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றது. கஞ்சி போட்டவர் மாமி. மாமா புறங்கையால் மாமியின் வாயில் அடித்தார். மாமி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் வாயைக் கொப்பளித்தார். திரும்பும்போது ஈரத்துணியோடு வந்தார். புள்ளியைத் துடைத்தார்.

நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

இந்த வீட்டில் நான் மருமகன். பெயர் விஜேந்திரன். தோட்டத்துக்குக் கீழே, ஓப்பநாயக்க றோட்டில் இருக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு படிப்பிக்கிறேன். என் மனைவி லோஜினி இறந்து பதினொரு மாதம். வாசல் கல்படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது என்று மரண விசாரணையில் எழுதினார்கள். அதன் பிறகு நான் வேறு இடம் தேடவில்லை. போ என்று யாரும் சொல்லவும் இல்லை.

மாமா அழகமுத்து தோட்டத்துக் காவல் வாச்சர்களுக்குத் தலைவர். பன்னிரண்டு வருடம் இராணுவத்தில் இருந்தவர். லயத்துப் பிள்ளைகள் முதல் பெரிய துரை வரை எல்லோரும் அவரைக் கோப்ரல் என்றுதான் கூப்பிடுவார்கள். இராணுவம் கொடுத்த விடுவிப்புப் பத்திரத்தில் மட்டும் சாதாரண சிப்பாய் என்று இருக்கிறது. எவனோ கிளாக்கர் செய்த பிழை என்பார். இருபத்தேழு வருடமாக அந்தப் பிழையால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போன வருடம் ஒரு பேச்சு வந்தது. தோட்டக் காவலை வெளிக் கம்பனிக்குக் கொடுக்கப் போகிறார்கள். இராணுவத்தில் கோப்ரலாகவோ அதற்கு மேலோ இருந்தவர்களைத்தான் கம்பனி வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் குவாட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். பேச்சு இந்த மாதம் நோட்டீஸ் ஆகிவிட்டது. மாத முடிவு கடைசித் தவணை.

ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக் களத்தில் நடராஜா கங்காணி எல்லோருக்கும் கேட்கும்படி, "சிப்பாய்க்கு எதுக்குய்யா குவாட்டர்ஸ்? லயத்துக் காம்பரா போதும்" என்றார். அதற்கு மேல் அவரால் தெளிவாகப் பேச முடியவில்லை. முன்பல் இரண்டு போய்விட்டது.

தரத்தைத் திருத்தித் தரும்படி மனு எழுதியவன் நான். மாமா கேட்டார், எழுதினேன். பதில் வந்திருந்தது. இன்று பலாங்கொடையில் இராணுவத்தின் நடமாடும் சேவை. மூலப்பத்திரம் கொண்டுவரவேண்டும். கிராம சேவகரின் கடிதம் வேண்டும். மனுதாரரின் குடும்பத்தை அறிந்த அரச ஊழியர் ஒருவரின் நன்னடத்தைச் சான்று வேண்டும்.

கிராம சேவகர் உடனே கொடுத்துவிட்டார். இன்னாருக்கு எதிராக எழுத்து மூலமான முறைப்பாடு எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். அது உண்மை.

அரச ஊழியர் நான்தான்.

சான்றுப் படிவத்தில் நாங்கள் நிரப்ப வேண்டியது அதிகம் இல்லை. வசனம் ஏற்கெனவே அச்சடித்திருந்தது. "மேற்படி நபர் தமது குடும்பத்தாரிடமோ அயலாரிடமோ வன்முறையில் ஈடுபட்டவர் அல்லர் என்று எனது சொந்த அறிவைக் கொண்டு உறுதி கூறுகிறேன்." கீழே ஒரு கோடு. கோட்டில் நான் கையெழுத்துப் போடவேண்டும்.

மூன்று நாளாகப் போடவில்லை. பேனா முடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். வாத்தியாரிடம் வேறு பேனா இல்லையா என்று மாமா கேட்கவில்லை.

சப்பாத்தை வாசலில் வைத்தபோது போன் அடித்தது. இந்திரகுமார். லோஜினியின் தம்பி. இரத்தினபுரியில் மாணிக்கக் குழியில் இறங்குகிறவன். அக்காவின் முப்பத்தோராம் நாளன்று அப்பாவோடு கைகலந்தான். அவர் அவன் தோள்மூட்டைக் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு அவன் தோட்டத்துப் பக்கம் வரவில்லை.

நான் கோழிக்கூட்டுப் பக்கம் போய்ப் பேசினேன்.

"மச்சான், இன்னைக்கா போறீங்க?"

"ம்."

"சைன் வச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"வைக்காதீங்க."

"வீடு போயிரும் குமாரு. மாமி எங்க போவாங்க?"

"என்கிட்ட வரட்டும். குழிக்கிட்ட தங்குற வாடி இருக்கு. தகரம்தான். அடி வாங்காம சோறு திங்கலாம்."

நான் கோழிக்கூட்டின் கதவைத் திறந்துவிட்டேன்.

"மச்சான், நீங்க படிச்சவரு. ஒங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்ல. அந்தக் கையெழுத்த மட்டும் போட்டீங்க, அந்தாளோட சேத்து ஒங்களையும் வெட்டுவேன். அக்கா மேல சத்தியமா."

"சரி."

"என்னாங்க சரி? வெட்டுன்னு சொல்றீங்களா?"

"கேட்டுச்சுன்னு சொன்னேன்."

"நீங்க ஒரு ஆளு மச்சான்! செத்த ஆளுகிட்ட பேசுற மாதிரியே இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஆறரைக்கு மூவரும் இறங்கினோம். மாமா முன்னால். மாமி அவருக்குப் பத்தடி பின்னால், கடதாசிப் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு. மாமியின் கீழுதடு வீங்கியிருந்தது. முந்தானையால் அந்தப் பக்கத்தை மறைத்திருந்தார். நான் கடைசி.

லயத்துக் கோடியில் நடராஜா கங்காணியின் மனைவி கருப்பாயி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கோப்ரல் ஐயா போறாரு. எல்லாரும் பல்ல எண்ணிப் பாத்துக்குங்கடி" என்றாள், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே.

இரண்டு பெண்கள் சிரித்தார்கள். மாமா நின்றார். சிரிப்பும் நின்றது. அவர் கருப்பாயியின் அலுமினியக் குடத்தைக் காலால் ஒரு உதை விட்டார். குடம் உருண்டு போய்ச் சாக்கடைக் கானுக்குள் விழுந்து நசுங்கியது. அவர் குனிந்து சப்பாத்தில் தெறித்த தண்ணீரைக் கைக்குட்டையால் துடைத்தார். நடந்தார்.

"வாத்தியாரே, நீங்களும் பாத்துக்கிட்டுத்தான் போறீங்க" என்றாள் கருப்பாயி.

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் போனேன்.

பஸ்ஸில் நெரிசல். கொண்டக்டர் பொடியன் மாமாவின் முதுகில் கைவைத்து, "சீயா, உள்ளுக்குப் போங்க" என்று சிங்களத்தில் சொன்னான். சீயா என்றால் தாத்தா. மாமா திரும்பவில்லை. முதுகில் இருந்த கையைப் பிடித்து, நடுவிரலை மட்டும் பிரித்து, மெதுவாகப் பின்னுக்கு மடக்கினார். பொடியன் முழங்காலில் உட்கார்ந்துவிட்டான். கையிலிருந்த டிக்கட் கட்டு விழுந்தது. "கோப்ரல் மாத்தயா", அதாவது கோப்ரல் ஐயா, என்று மூன்று தரம் சொல்ல வைத்துவிட்டுத்தான் விட்டார். முன்னால் இருந்த ஒருவர் எழுந்துகொண்டார். சீட் கிடைத்தது. மாமா உட்கார்ந்தார்.

மாமி என் பக்கத்தில் நின்றார்.

"கம்பனிக்காரன் கடிதம் வந்ததும் இவரு சரியாயிருவாரு மாப்புள" என்றார் மெதுவாக. "வீடு போயிருமோங்கிற பயம்தான் அவருக்கு. வேற ஒன்னுமில்ல."

"முந்தி வீடு இருந்திச்சே மாமி."

மாமி முந்தானையைச் சரிசெய்தார்.

பலாங்கொடையில் ஒரு கலியாண மண்டபத்தில்தான் சேவை நடந்தது. மேடையில் போன கலியாணத்தின் பிளாஸ்டிக் பூக்கள் கழற்றப்படாமல் இருந்தன. கீழே மேசைகள். கை இல்லாதவர்கள், கால் இல்லாதவர்கள், விதவைப் பெண்கள் நம்பர் துண்டோடு இருந்தார்கள். எங்கள் நம்பர் முப்பத்தெட்டு.

மாமா உட்காரவில்லை. இரண்டு மணி நேரமும் கால்களை அகட்டி, கைகளைப் பின்னால் கட்டி, நிமிர்ந்து நின்றார். சட்டையில் பதக்கம் குத்தியிருந்தார்.

ஐந்தாவது மேசையில் இருந்தவர் அப்துல் ரஸாக். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி. சீருடை. எங்கள் மனுவின் முதல் வரியைப் பார்த்ததும் தமிழில் பேசத் தொடங்கினார்.

"வாங்க கோப்ரல். உக்காருங்க."

அந்த வார்த்தைக்கு மாமாவின் முகம் மாறியது. நான் அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. வெட்கப்படுகிற பிள்ளையின் முகம் போல இருந்தது. உட்கார்ந்தார்.

"பாருங்க சேர், இருபத்தேழு வருசமா இந்தப் பிழை."

"பாப்போம். ஒரிஜினல்?"

மாமி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ரஸாக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, சிரித்தார்.

"இதுல எங்கங்க நான் எழுதுறது? ஒரிஜினல்ல கையால எழுதி சீல் அடிக்கணும். பிளாஸ்டிக் மேல மை நிக்காது. காலையில இருந்து இது ஏழாவது. தோட்டத்து ஆக்கள்னா லெமினேட் பண்ணாம ஒரு கடதாசி கொண்டாறதில்ல."

அது சரி. எங்கள் ஆட்களுக்கு எண்பத்து மூன்று கலவரத்தில் கடதாசி எரிந்தது. எரியாதவர்களுக்குக் கூரை ஒழுகி எழுத்து கரைந்தது. இந்த நாட்டு ஆள்தான் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் அப்பாக்களும் தாத்தாக்களும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார்கள். அதனால் எந்தக் கடதாசி கிடைத்தாலும் முதல் வேலை அதைப் பிளாஸ்டிக்கில் மூடுவதுதான். இரண்டு கடதாசியை முதுகோடு முதுகாக வைத்து ஒரே உறைக்குள் போட்டுவிடுவதும் வழக்கம். தூக்கித் திரிய லேசு. மாமாவின் விடுவிப்புப் பத்திரம் ஒரு பக்கம், பதக்கச் சான்றிதழ் மறுபக்கம். கலியாணத்துக்கு முன் லோஜினி ஓப்பநாயக்கவில் லெமினேட் பண்ணுகிற ஒரு கொமியூனிகேசன் கடையில் வேலை செய்தாள். அவள்தான் செய்தாள்.

ரஸாக் உறையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார்.

"பத்திரத்தோட பின்பக்கம் எங்க?"

"பின்பக்கம் ஒன்னும் இல்லீங்க சேர்" என்றார் மாமா.

"எல்லாப் பத்திரத்துக்கும் பின்பக்கம் இருக்கு கோப்ரல். அதுலதானே நடத்தை விவரம் எழுதுவாங்க. நீங்க ரெண்டையும் ஒட்டி வச்சிருக்கீங்க. வெட்டித்தான் எடுக்கணும்."

"வேணாம் சேர். கிழிஞ்சிரும்."

"கிழியாது. இருபது வருசமா நான் இதத்தான் செய்றேன்."

மேசை லாச்சியிலிருந்து பிளேட் எடுத்தார். மாமா எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பக்கத்து மேசையில் இருந்த இளம் சிப்பாய் ஒருவன் எழுந்து நின்றான். ரஸாக் பிளேட்டைக் கீழே வைக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"கைய எடுங்க. திருத்தணும்னா தெறக்கணும். தெறக்க வேணாம்னா வீட்டுக்குப் போங்க. ரெண்டுல ஒன்னு."

மாமா வீட்டை நினைத்திருக்கவேண்டும். கையை எடுத்தார்.

ரஸாக் நாலு ஓரத்தையும் வெட்டினார். பிளாஸ்டிக் உரிந்தது. பதக்கச் சான்றிதழ் பாதியில் கிழிந்து, கீழ்ப்பாதி பத்திரத்தின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டது. பத்திரத்துப் பின்பக்கத்தின் மேல்பாதி வெளியே தெரிந்தது. மஞ்சள் கடதாசியில் ஆங்கிலத்தில் டைப் அடித்த ஆறு வரி. அதற்கு அடியில் ஒரு கையெழுத்து. தமிழில், அழகமுத்து.

ரஸாக் வாசித்தார். வாசித்து முடித்ததும் மாமாவைப் பார்க்கவில்லை. மாமியின் உதட்டைப் பார்த்தார். பிறகு கடதாசியை என் பக்கம் திருப்பினார்.

"நீங்கதானே சான்று குடுக்கிற வாத்தியார்? நீங்களே வாசிச்சுப் பாருங்க."

நான் தமிழில் வாசித்தேன். வகுப்பில் கணக்கு வாசிக்கிற குரல்தான் வந்தது. தொண்ணூற்று நாலாம் வருடம், ஜூன். முகாம் வாசலில் சோற்றுப் பார்சல் விற்ற பெண்ணைத் துவக்குப் பிடியால் முகத்தில் தாக்கியமை. தாடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. விசாரணையில் குற்றத்தை ஏற்றுக்கொண்டார். கோப்ரல் தரத்திலிருந்து சாதாரண சிப்பாயாகக் குறைக்கப்பட்டார்.

"அவ சோத்துல கல்லு" என்றார் மாமா. "பல்லு போற மாதிரி கல்லு. மூனு தரம் சொன்னேன். சிரிச்சா."

ரஸாக் மஞ்சள் கடதாசியை மேசை நடுவில் வைத்தார்.

"இதுல பிழை ஒன்னுமில்ல" என்றார் ரஸாக். இப்போது கோப்ரல் என்று சேர்க்கவில்லை. "நீங்க கோப்ரலா இருந்தது உண்ம. எறக்கினதும் உண்ம. திருத்துறதுக்கு இல்ல. ஒரு வழிதான் இருக்கு. அதுக்குப் பிறகு முப்பது வருசம் ஒழுங்கா இருந்திருக்கீங்கன்னு காட்டி, தரத்தத் திருப்பித் தரச் சொல்லிக் கேக்கலாம். போர்ட் பாப்பாங்க. சில பேருக்குக் குடுத்திருக்காங்க. அதுக்கு இந்தச் சான்றுதான் முக்கியம். கிராம சேவகர் கடிதம் சும்மா. வீட்டுக்குள்ள இருக்கிற ஆள் சொல்லணும்."

படிவத்தை என் முன்னால் தள்ளினார். தன் பேனாவையும் வைத்தார்.

"போடு மாப்புள" என்றார் மாமா.

நான் பேனாவை எடுத்தேன். அச்சடித்த வசனத்தை வாசித்தேன். பிறகு மஞ்சள் கடதாசியைப் பார்த்தேன்.

"லோஜினி இத வாசிச்சாளா?"

"அது எதுக்கு இப்ப?"

"அவதானே ஒட்டினா. அவளுக்கு இங்லீஷ் தெரியும்."

"நான்தான் ரெண்டையும் சேத்து ஒட்டச் சொன்னேன். அது சொன்னதச் செஞ்சிச்சு. போடு."

"அன்னைக்கும் புள்ள இததான் கேட்டுச்சு."

சொன்னவர் மாமி. எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முந்தானை முகத்திலிருந்து விழுந்திருந்தது. யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர் போல மேடையில் இருந்த பூவைப் பார்த்துப் பேசினார்.

"மனு எழுதித் தாடின்னு இவரு கேட்டாரு. 'எழுதுறேன்ப்பா. பின்பக்கத்துல இருக்கிறதையும் சேத்து எழுதவா?'ன்னுச்சு. வெளையாட்டாத்தான் கேட்டுச்சு. சிரிச்சிக்கிட்டேதான்..."

"மல்லிகா" என்று மாமா மாமியின் பெயரைச் சொன்னார்.

"இவரு கையில டோர்ச் இருந்திச்சு. அந்தப் பெரிய டோர்ச்சு. படிக்கட்டுக்குப் புள்ள போகவே இல்ல, மாப்புள. குசினியில, அடுப்புக்கிட்டதான்..."

மேசையில் கடதாசி துளைக்கிற இரும்பு மெசின் ஒன்று இருந்தது. மாமா அதை எடுத்ததை நான் பார்த்தேன். எடுத்த வேகத்தில் திரும்பி மாமியின் காதுக்கு மேலே அடித்தார். தேங்காய் உடைக்கிற சத்தம் மாதிரி இருந்தது. மாமி கீழே விழவில்லை. முதலில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். கடதாசிப் பையிலிருந்து பிறப்புச் சான்றிதழ்கள், அட்டைகள் எல்லாம் சறுக்கிக்கொண்டு தரையில் பரவின. எல்லாம் பிளாஸ்டிக். இரத்தம் அவற்றின் மேல் நிற்காமல் ஓடியது.

மாமா இரண்டாம் தரம் கையை ஓங்கினார்.

நான் உட்கார்ந்திருந்த இரும்புக் கதிரையால் அவரை அடித்தேன். எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது. நாலு என்று பிறகு சொன்னார்கள். முதலாவது தோளில் பட்டது. அடுத்தது முகத்தில். பதக்கம் கழன்று எங்கேயோ போனது. அவர் விழுந்த பிறகும் ஒரு தரம் அடித்தேன். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்திருந்தார். எனக்குக் கோபம் இருக்கவில்லை. ஒன்றுமே இருக்கவில்லை. ஒரு வேலையைச் செய்து முடிப்பதுபோல்தான் இருந்தது.

மூன்று சிப்பாய்கள் என்னை இழுத்துப் போனார்கள். இரண்டு பேர் மாமாவைத் தரையில் அழுத்திப் பிடித்தார்கள். மூக்கிலிருந்து இரத்தம் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. "மம கோப்ரல், மம கோப்ரல்" என்று சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தார். நான் கோப்ரல், நான் கோப்ரல். அவர் முதுகில் முழங்காலை வைத்திருந்த பொடியனுக்கு இருபது வயதிருக்கும். அவன் சட்டைக் கையில் தரக் கோடு ஒன்றும் இல்லை. சாதாரண சிப்பாய்.

கால் இல்லாத ஒருவர் தன் ஊன்றுகோலால் தரையைத் தட்டி, "அம்மாவப் பாருங்க, மொதல்ல அம்மாவப் பாருங்க" என்று சிங்களத்தில் சத்தம் போட்டார்.

மாமியைக் கதிரையில் இருத்தினார்கள். விதவைப் பெண் ஒருத்தி தன் துவாயை மடித்து அவர் காதோடு அழுத்திப் பிடித்தாள். துவாய் சிவந்தது. மாமிக்கு நினைவு இருந்தது. என்னைக் கூப்பிட்டார். சிப்பாய்கள் ரஸாக்கைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டியதும் விட்டார்கள்.

"மாப்புள, சைன் வச்சிருங்க."

நான் முழங்காலில் உட்கார்ந்தேன்.

"மாமி, பேசாதீங்க. அம்புலன்ஸ் வருது."

"வச்சிருங்க. இவர உள்ள கொண்டுபோயிருவாங்க. அதுக்கு முந்தி வச்சிருங்க. கோப்ரல்னு எழுதிக் குடுத்தா வீடாவது இருக்கும். என் புள்ள இருந்த வீடு. நான் எங்க போவேன்?"

"குமாரு கூப்பிடுறான்."

"அவன் வெட்டிட்டு ஜெயிலுக்குப் போவான். அப்பறம்?" துவாயைப் பிடித்திருந்த பெண்ணின் கையை விலக்கிவிட்டு என் சட்டையைப் பிடித்தார். "நான் இப்ப சொன்னத மறந்திருங்க. விசாரணையில சொன்னதே இருக்கட்டும். புள்ள கடைசியா, 'நான்தாம்மா வழுக்கி விழுந்தேன், அப்பாவ ஒன்னும் சொல்லாதீங்க'ன்னு சொல்லிச்சுன்னு சொன்னேன்ல? அதுவே இருக்கட்டும். நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க. ஒன்னும் சொல்லலையே."

நான் ஒன்றும் சொல்லவில்லைதான். மரண விசாரணை அதிகாரி என்னிடமும் கேட்டார். உங்கள் மனைவி ஏதாவது பேசினாரா என்று. அவளை ஏற்றிய லொறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். மாமி சொன்னதையும் எழுதிக்கொண்டார். லயத்தில் எல்லோரும் அந்த வசனத்தைத்தான் சொல்லி அழுதார்கள். எட்டுச் செலவுக்கு வந்தவர்கள் அதைச் சொன்னார்கள். என் பள்ளிக்கூடத்து அதிபர் இரங்கல் கூட்டத்தில் மைக் பிடித்து அதைச் சொன்னார். சாகும்போதும் தகப்பனை நினைத்த மகள் என்றார். நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

போன் சட்டைப் பைக்குள் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். குமார் அனுப்பியிருந்தான். "பலாங்கொட ஸ்டேண்ட்ல எறங்கிட்டேன். எந்த மண்டபம்?" ஸ்டேண்டிலிருந்து நடந்து வந்தால் பத்து நிமிடம். நான் பதில் போடவில்லை. கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்.

ரஸாக் மேசையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பொலிசுக்குச் சொல்லியாச்சு. ஒங்களையும் கூட்டிட்டுப் போவாங்க வாத்தியார். கதிரையால அடிச்சத நூறு பேர் பாத்திருக்காங்க."

"சரி."

"அதுக்கு முந்தி இத முடிச்சிருங்க. ஃபைல் தெறந்தாச்சு. நான் சும்மா மூட ஏலாது. சைன் போடுறதுன்னா போடுங்க. போடலன்னா காரணம் எழுதணும். கீழ எடம் இருக்கு."

படிவத்தில் ஒரு மூலையில் இரத்தம் பட்டிருந்தது. யாருடையது என்று தெரியவில்லை. துடைத்தேன். பேனா கீழே கிடந்தது. எடுத்தேன்.

மாமி கதிரையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுத வேணாம் மாப்புள" என்றார். சத்தம் வரவில்லை. வாய் அசைந்தது.

மாமா தரையில் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவதை நிறுத்தியிருந்தார்.

அச்சடித்த வசனத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். காரணம் என்று இருந்த இடத்தில் எழுதத் தொடங்கினேன்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது தோட்டத்து லொறி வாசலில் நின்றது. என் மனைவியைக் கம்பளியில் வைத்து நாலு பேர் தூக்கினார்கள். நினைவு இருந்தது. ஒரு கையால் என் கழுத்தை இழுத்து, காதுக்குள் பேசினாள். லொறி அப்போது ஸ்டார்ட் செய்யப்படவில்லை. நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகு அழகமுத்து பின்னால் ஏறி, அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வரை ஒன்றே கால் மணித்தியாலம். கண் திறந்தே இருந்தது. அவள் மறுபடி பேசவில்லை.

ரஸாக் எழுத்தைத் தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல் ஒரு வரியில் வந்து நின்றது.

"என்ன சொன்னாங்கன்னு எழுதலையே."

எழுதினேன்.

"அப்பாவ லொறியில ஏத்தாதீங்க."